மலிக் கடைசியில் பேசுவார்

ஏறாவூர்
10 ஏப்ரல் 1946

பிஸ்மில்லாஹ்.

என் கண்ணான தம்பி ஹலீமுக்கு, கோபம் பாதி தீர்ந்தும் தீராமலும் இருக்கிற உன் ராத்தா உம்மு குல்தூம் சலாம் சொல்லி எழுதுவது.

மாமா மவுத்தாகிவிட்டார். போன மாதம் இருபத்தேழாம் திகதி லுஹர் தொழுதுவிட்டு வந்தவர் தண்ணீர் கேட்டார். மாமி செம்போடு திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உனக்குத் தந்தி அடிக்கலாம் என்று உன் மச்சான் முனாப் சொன்னார். தந்தி கண்டு அவன் ஓடியா வரப் போகிறான் என்று நான்தான் தடுத்தேன். உம்மா போன பிறகு உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். எனக்கே நீ எட்டு வருஷமாக முகம் காட்டவில்லை.

மாமாவின் தலைப்பாவை மாமி துவைத்து மடித்து என் பெட்டகத்தில் வைத்திருக்கிறார். அது ஏன் என் வீட்டுக்கு வந்தது என்று உனக்குத் தெரியும். நம் குடிக்குத் தலைமையான மரைக்கார் இடம் மாமாவுக்குப் பிறகு மூத்த சகோதரியின் மகனுக்கு. உம்மா மூத்தவர், உம்மாவுக்கு ஆண்பிள்ளை நீ ஒருவன். உனக்கு வேண்டாம் என்றால் சாச்சியின் மகன் றவூபுக்குப் போகும். நோன்புக்கு முந்தின ஜும்மாவுக்குள் உன் கைப்பட எழுதிய பதில் வர வேண்டும் என்று பள்ளிவாசலில் பேசி முடித்திருக்கிறார்கள். சம்மதம் என்று வந்தால், நீ ஊர் திரும்பும்வரை இடம் காத்திருக்கும்.

இந்த இடத்தில் நீ கடிதத்தைக் கசக்கிப் போடப் பார்ப்பாய். போடாதே. சாலிஹ் காக்காவின் வீட்டு வாசலில் இன்றுவரை யாரும் கால் வைக்கவில்லை. மாமா போட்ட ஊர்விலக்கை, மாமாவின் இடத்துக்கு வருகிறவர்தான் எடுக்கலாம். றவூப் எடுக்க மாட்டான். ‘மாமா போட்ட முடிச்ச நான் அவிழ்க்கிறதா?’ என்று இப்போதே சொல்லித் திரிகிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சிரிக்காதே. நீ முஹிதீன் ஆண்டவர் அடங்கியிருக்கிற பக்தாதில் இருக்கிறாய் என்று இங்கே உனக்குப் பெரிய பெயர். உன் கடிதம் வந்தால் நாலு பேர் வாங்கிக் கண்ணில் ஒற்றிவிட்டுத்தான் தருகிறார்கள். தை மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் விடவில்லை. உன் கடிதத்தின் ஒரு ஓரத்தைப் பன்னீரில் கரைத்துக் கொடுத்தார்கள். காய்ச்சலும் விட்டுவிட்டது. அதில் நீ டின் மீனைத் திட்டி எழுதியிருந்தாய் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை.

பதில் எழுது.
உன் ராத்தா,
உம்மு குல்தூம்


ஈராக், பக்தாத் வழி
12 மே 1946

அன்பும் மரியாதையும் உள்ள ராத்தாவுக்கு, உங்கள் தம்பி ஹலீம் சலாமுடன் எழுதுகிறேன்.

மாமாவின் செய்தியை வாசித்தபோது கண்ணீர் வரவில்லை. சாயங்காலம் கிடங்கில் சீனி மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்தது. பக்கத்தில் நின்றவர்கள் மூட்டை காலில் விழுந்துவிட்டதோ என்று ஓடி வந்தார்கள். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்ளட்டும். எனக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும். அதுவரை இங்கே நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன்.

எங்கள் படை முகாமின் லொறி ஓட்டிகளில் ஓஷானா என்று ஒருவர். என் வயதுதான். வெள்ளைக்கார சார்ஜன் அவரை நாள் முழுக்க அதட்டுவான். ஆனால் வேலை விட்டு அவர் தம் ஆட்களின் குடியிருப்புக்குள் நுழைந்தால், நரைத்த தாடிக்காரர்கள்கூட எழுந்து நிற்கிறார்கள். விசாரித்தால், அவர் அவர்களுடைய மலிக். அரபியில் மலிக் என்றால் அரசன் என்று உங்களுக்குத் தெரியும். முந்தின பெரிய யுத்தத்தில் மலையில் இருந்த கிராமங்களை எல்லாம் இழந்து இறங்கி வந்த கிறிஸ்தவர்கள் இவர்கள். இவருக்கு ஒரு பிடி மண்கூடச் சொந்தமில்லை. ‘எதற்கு ஐயா நீங்கள் அரசன்?’ என்று சிரித்துக் கேட்டேன். கோபிக்காமல் வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தேநீர் தந்தார்.

இவர்கள் வீட்டில் பேசுவது அரமேய பாஷை, சுரியானி என்றும் சொல்கிறார்கள். ஈஸா நபி அலைஹிஸ்ஸலாம் பேசியது அந்தப் பாஷையின் பழைய பேச்சாம். அதில் அரசனுக்கு மல்கா என்று பெயர். அரபியின் மலிக்கும் அதுவும் ஒரே வேர். நாம் ஓதிய காலத்தில் மலிக் என்றால் அரசன், மாலிக் என்றால் உடையவன் என்று பள்ளிவாசல் லெப்பை சொன்னது ஞாபகம் இருக்கிறதா? ஆகவே, எல்லாவற்றையும் உடையவன்தான் அரசன் என்று நான் நினைத்திருந்தேன். ஓஷானாவின் சின்னவாப்பா அவர்கள் தேவாலயத்தில் ஊழியம் செய்கிறவர், பழைய ஏடு வாசிப்பவர். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவர்களுடைய ஏடுகளில் அதே வேர் யோசனை கேட்பதையும் யோசனை சொல்வதையும் குறிக்குமாம். மெல்கா என்றால் யோசனை. யோசனை சொல்லுகிறவனிடமிருந்து அரசன் பிறந்தானா, அரசனிடமிருந்து யோசனை பிறந்ததா என்று படித்தவர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்களாம். அது தீரும்வரை தேநீர் குடிப்போம் என்றார்.

அவர்களின் மலைக்கிராமத்தில் வழக்கு வந்தால் ஒரு முறை இருந்திருக்கிறது. கூடியிருப்பவர்களில் வயதில் சிறியவர் முதலில் பேச வேண்டும், பிறகு மூத்தவர்கள். மலிக் எல்லோருக்கும் கடைசியில்தான் வாய் திறப்பார். அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசிவிடுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். இங்கே மண்சுவர் வீட்டிலும் அப்படித்தான் நடக்கிறது. நான் கண்ணால் பார்த்தேன்.

அந்தப் பெரியவர் பக்தாத் கடைத்தெருவில் வாங்கிய வெள்ளிக்காசு ஒன்றையும் காட்டினார். பழைய பாரசீக ராஜாவின் காசு. அதில் எழுதியிருப்பது அரமேயச் சொல்லான மல்கா. ஆனால் அந்தக் காலத்துப் பாரசீகர்கள் அதைக் கண்டு வாயால் ஷா என்றுதான் வாசிப்பார்களாம். எழுத்து ஒரு பாஷை, குரல் இன்னொரு பாஷை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நானும் நீங்களும் அரபு எழுத்தில் தமிழ் எழுதிக்கொள்கிறோமே! அதனால்தானே டின் மீன் பிள்ளையின் காய்ச்சலை விரட்டியது.

முஹிதீன் ஆண்டவரின் தர்கா இங்கிருந்து ஐம்பது மைலுக்கு மேல், ராத்தா. நான் ஒரு தடவைதான் போயிருக்கிறேன். ஊரில் சொல்லிவிடுங்கள்.

மச்சானுக்கு என் சலாம்.
உங்கள் தம்பி,
ஹலீம்


ஏறாவூர்
8 ஜூன் 1946

தேநீர் குடித்துக்கொண்டு திரியும் தம்பிக்கு, ராத்தா எழுதுவது. அல்லாஹ் உன்னை நோய்நொடி இல்லாமல் வைக்கட்டும்.

நாலு பக்கக் கடிதம். அதில் நான் கேட்டதற்குப் பதில் அரை வரி. சின்ன வயதிலும் நீ இப்படித்தான். பால் சட்டியை உடைத்தது யார் என்று கேட்டால் வானத்தில் கொக்கு போன கதை சொல்வாய்.

ஆனாலும் கதை நன்றாக இருந்தது. உன் மச்சானுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். ‘கடைசில பேசுற மரைக்காரா? நம்மட ஊர்ல அப்படி ஒருத்தர் இருந்தா விடியும்வரைக்கும் கூட்டம் முடியாதே’ என்றார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு, ‘சாலிஹை விலக்கின அண்டைக்கு, அவர்ட பக்கம் ஆர் பேசினது?’ என்று கேட்டார். யாரும் பேசவில்லை என்று அவருக்கும் தெரியும். அன்று அவரும் அங்கே இருந்தவர்.

தம்பி, சாலிஹ் காக்காவின் பெண்சாதி நஸீறா பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கிறாள். மகன் போய் எட்டு வருஷத்துக்குப் பிறகு, முப்பத்தெட்டு வயதில். வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் அள்ளப் போகிறபோது பார்த்தேன். கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. நான் பார்த்ததும் முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு போய்விட்டாள். என்னோடு பேசினால் எனக்குத்தான் கெடுதி என்று அவள் நினைத்திருப்பாள். என் மனது கொதித்துப்போயிற்று. சாலிஹ் காக்கா பிடிக்கிற மீனை இந்த ஊரில் யாரும் வாங்குவதில்லை. விடிய எழும்பிச் சித்தாண்டிக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு வருகிறார். பிள்ளை பிறக்கிற நேரத்தில் எந்த மருத்துவிச்சி அந்த வாசற்படி ஏறுவாள் என்று சொல்லு பார்ப்போம்.

இதெல்லாம் எதற்காக வந்தது? வாவியில் வலை போடுகிற இடத்துத் தகராறைப் பள்ளிவாசலுக்குக் கொண்டு வராமல் மட்டக்களப்புக் கோட்டுக்கு வழக்காகக் கொண்டுபோனார் என்பதற்காக. அவ்வளவுதான்.

நீ சம்மதமென்று ஒரு ‘ஓம்’ எழுதினால் போதும். இரண்டு எழுத்து. அரபு எழுத்திலும் அது பெரிய சொல் இல்லை. நோன்புக்கு முந்தின ஜும்மா, ஜூலை இருபத்தாறு. நாளை மறந்துவிடாதே.

உனக்குப் பிடித்த தொதல் கிண்டியிருக்கிறேன். அனுப்ப வழியில்லாமல் நானே தின்கிறேன்.

ராத்தா,
உம்மு குல்தூம்


ஈராக், பக்தாத் வழி
30 ஜூன் 1946

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

மதிப்புக்குரிய ராத்தாவுக்கும், ராத்தாவின் மூலம் நம் குடியாருக்கும் பள்ளிவாசல் ஜமாஅத்தாருக்கும், மர்ஹூம் உசனார் மரைக்காரின் மருமகன் ஹலீம் சலாம் கூறி அறிவிப்பது.

இந்தக் கடிதத்தை ஜமாஅத்தில் எல்லோர் முன்னிலும் வாசிக்கச் சொல்லுங்கள், ராத்தா.

மரைக்கார் இடம் எனக்கு வேண்டாம். நான் ஏற்க மாட்டேன். என் தலைக்கு அந்தத் தலைப்பா ஆகாது.

எட்டு வருஷத்துக்கு முன் சாலிஹ் காக்காவின் மகன் காய்ச்சலில் மவுத்தானபோது, ஆறு வயதுப் பிள்ளையின் மையத்தை அடக்கத்துக்குத் தூக்க இந்த ஊரில் ஆள் இல்லை. தகப்பன் குழி தோண்டப் போயிருந்தார். நான்தான் அந்தப் பிள்ளையை என் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனேன். வழி நெடுக ஒவ்வொரு வீட்டுக் கதவும் அடைத்திருந்தது. கதவுக்குப் பின்னால் பெண்கள் அழுத சத்தம் எனக்குக் கேட்டது. அழுதார்கள், திறக்கவில்லை. திரும்பி வந்தபோது மாமா பள்ளிவாசல் முன்னால் நின்றார். ‘மரைக்கார்ர மருமகனே விலக்கின வீட்டு மையத்தத் தூக்கினா, என்ட தலைப்பாவுக்கு என்னடா மதிப்பு?’ என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் நான் ஊரை விட்டுப் போனேன். இன்றைக்கும் அதே பதில்தான்: அதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

இங்கே மண் இல்லாத ஒரு மலிக்கைப் பார்க்கிறேன். அவரிடம் யோசனை கேட்க மனிதர் வருகிறார்கள். நம் மரைக்காரிடமோ பயந்து வருகிறார்கள். ஒரு காலத்தில் யோசனையாக இருந்தது எங்கேயோ வழியில் உடைமையாகிவிட்டது. ஊரைத் தன் வீட்டு வளவு என்று நினைத்தார் மாமா. அந்த வளவுக்கு நான் வாரிசாக மாட்டேன். றவூப் ஆசைப்பட்டால் தலைப்பாவை றவூபே கட்டிக்கொள்ளட்டும்.

ராத்தா, உங்கள் மனது நோகும் என்று தெரியும். என்னை மன்னியுங்கள். நான் திரும்பி வருவேன் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

ஹலீம்


ஏறாவூர்
28 ஜூலை 1946

அருமைத் தம்பிக்கு, ராத்தா ஓட்டமும் நடையுமாக எழுதுவது. உட்கார நேரமில்லை, ஆனால் எழுதாமலும் இருக்க முடியவில்லை.

உன் கடிதம் இருபத்தைந்தாம் திகதி வியாழக்கிழமை, அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்தது. தபால்காரர் தந்துவிட்டுப் போய் அதிக நேரம் ஆகவில்லை. சாலிஹ் காக்கா எங்கள் வேலிக்கு வெளியே வந்து நின்றார். எட்டு வருஷத்தில் முதல் தடவை. உள்ளே வரவில்லை. ‘குல்தூம் புள்ள, நஸீறாவுக்கு நேத்து ராவிலிருந்து நோவு. புள்ள கிறுகிக் குறுக்கால நிக்கிதாம். புள்ளப்பேறு பாக்கிற ஒஸ்தா மாமி வரமாட்டன் எண்டுட்டா. லெப்பையும் வரமாட்டாராம். நீ ஒரு இஸ்ம் மட்டும் எழுதித் தா, தண்ணில கரைச்சிக் குடுக்க’ என்றார். அந்த மனிதர் அழுததை அதுவரை நான் பார்த்ததில்லை. மகனை அடக்கிய அன்றும் அழாதவர்.

எனக்கு இஸ்ம் எழுத எங்கே தெரியும்? கையில் உன் கடிதம்தான் இருந்தது. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு போனேன், தம்பி. கதவுகளுக்குப் பின்னால் எத்தனை கண் என்று நான் பார்க்கவில்லை. சாலிஹ் காக்காவைச் சித்தாண்டிக்கு அனுப்பினேன். அங்கே மீன் வாங்குகிற தங்கராசாவின் வண்டியில் மருத்துவிச்சி அன்னப்பூரணி வந்து இறங்கினாள். நம் விலக்கு அவளுக்கு ஏது? ‘தள்ளு புள்ள, வெளிச்சம் வரட்டும்’ என்று என்னை ஒரு பக்கம் தள்ளிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அவள் வருவதற்கு முன்னால் நஸீறா என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘ராத்தா, நான் மவுத்தாப் போனா ஆரு என்னத் தூக்குற?’ என்று கேட்டாள். நான் உன் கடிதத்தைப் பீங்கானில் வைத்துப் பன்னீர் ஊற்றினேன். மேலே பிஸ்மில்லாஹ் இருந்தது, கீழே உன் கையெழுத்து. நீல நிறமாகக் கரைந்தது. ‘பக்தாதுலிரிந்து வந்த காயிதம்கா, குடி’ என்றேன். மூன்று மிடறு குடித்தாள். அவளுக்கு ஒரு தைரியம் வந்ததை என் கண்ணால் பார்த்தேன். மஃரிப் பாங்கு சொல்கிற நேரத்தில் பெண்பிள்ளை பிறந்தது. அன்னப்பூரணியின் கைப்பலன் பாதி, உன் கடிதம் பாதி என்று ஊர் பேசுகிறது. எல்லாம் அல்லாஹ்வின் கிருபை.

மறுநாள் ஜும்மாவுக்குப் பிறகு ஜமாஅத் கூடியது. றவூப் எழுந்து, ‘விலக்கின ஊட்டுக்குள்ள போனவ ராத்தா. அவவையும் விலக்கணும்’ என்று சொல்லியிருக்கிறான். உன் மச்சான் எழுந்து, ‘ஹலீம்ட கடதாசி வந்தது. நஸீறாட வயித்துக்குள்ள போயிட்டுது. ஹலீம் ஓம் எண்டுதான் எழுதியிருக்கான்’ என்றாராம். அப்படிச் சொல்லும்படி நான்தான் சொல்லி அனுப்பினேன். கூட்டத்தில் முணுமுணுப்பு. அப்போது லெப்பையே கேட்டாராம், ‘புள்ளயப் பெறுவிச்ச காயிதத்தில இல்ல எண்டு எழுதியிரிக்குமா?’ என்று. அதோடு ஜமாஅத் அதை ஏற்றுக்கொண்டது. நஸீறாவிடம் வருவதற்கு மனமில்லாதிருந்த அதே லெப்பை, கடிதம் ஜெயித்ததும் கடிதத்தின் பக்கம் வந்துவிட்டார்.

ஆகவே நீ இப்போது மரைக்கார். என் மேல் இருக்கிற குற்றமும், சாலிஹ் காக்காவின் விலக்கும் இரண்டும் உன் தீர்ப்புக்கு விட்டிருக்கிறார்கள். பெருநாள் கழித்து ஜமாஅத் மறுபடியும் கூடும்.

நான் வாசிக்கக் கிடைக்காத அந்தக் கடிதத்தில் நீ என்ன எழுதியிருந்தாய் என்று ஒரு வரி எழுது. பிள்ளைக்குப் பெயரும் நீதான் சொல்ல வேண்டும் என்கிறார்கள். இப்போதைக்கு எல்லோரும் ‘பக்தாது’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிள்ளையும் திரும்பிப் பார்க்கிறது.

ராத்தா,
உம்மு குல்தூம்


ஈராக், பக்தாத் வழி
18 ஆகஸ்ட் 1946
விமானத் தபால்

என் உயிரான ராத்தாவுக்கு, ஹலீம்.

உங்கள் கடிதத்தை ஓஷானாவின் வீட்டில் வைத்துப் பிரித்தேன். வாசிக்க வாசிக்க என் முகம் போன போக்கைக் கண்டு அவர் பயந்துபோனார். பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தபோது அதைவிடப் பயந்தார். விஷயத்தை அரபியில் பாதியும் கையால் பாதியுமாகச் சொன்னேன். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நீங்கள் கேட்டீர்கள், சொல்கிறேன். அந்தக் கடிதத்தில் சம்மதம் என்றுதான் எழுதியிருந்தேன். வேறு என்ன எழுதுவேன்? மச்சான் ஜமாஅத்தில் சொன்னது சரி.

ராத்தா, நான் எட்டு வருஷமாக அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன வழியிலேயே நடந்துகொண்டிருந்தேன். அடைத்த கதவுகளை நினைத்து நினைத்துக் கோபப்பட்டேன். அதே வழியில் நீங்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு தனியாக நடந்திருக்கிறீர்கள். நான் ஊரை விட்டுப் போனேன், நீங்கள் போகவில்லை. நம் இரண்டு பேரில் யாருக்குத் தைரியம் அதிகம் என்று இப்போது தெரிந்துகொண்டேன். வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

நான் மரைக்கார் என்றால் என் முதல் சொல் இது. ஜமாஅத் கூடும்போது சாலிஹ் காக்கா வர வேண்டும், வந்து எல்லோரோடும் ஒரே பாயில் உட்கார வேண்டும். முதலில் பேசுவது அவர். பிறகு வயதில் சிறியவர்கள், பிறகு மூத்தவர்கள். பெண்கள் திரைக்குப் பின்னால் இருந்து பேசட்டும். அன்று கதவுக்குப் பின்னால் அழுதவர்கள் இன்று திரைக்குப் பின்னால் பேசினால் என்ன குறைந்துவிடும்? றவூபும் பேச வேண்டும், அவனை யாரும் இடையில் மறிக்கக் கூடாது. இதோடு ஒரு சின்ன உறையை ஒட்டி அனுப்புகிறேன். என் தீர்ப்பு அதற்குள் இருக்கிறது. எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் அதைப் பிரிக்க வேண்டும். மலிக் கடைசியில் பேசுவார்.

பிள்ளைக்கு மலிக்கா என்று வைக்கலாம். அரபியில் அரசி. என் கணக்கில் யோசனை சொல்லுகிறவள். ஆனால் நஸீறாவைக் கேட்காமல் வைக்க வேண்டாம்.

என் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. புதுப்பிக்கிறீரா என்று சார்ஜன் கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டேன். தொதல் கிண்டி வையுங்கள்.

உங்கள்,
ஹலீம்


ஏறாவூர்
22 செப்டம்பர் 1946

ஊர் முழுக்க மரைக்கார் என்று சொன்னாலும் எனக்கு மூக்கு ஒழுகிய தம்பியான ஹலீமுக்கு, ராத்தா நிறைந்த மனதோடு எழுதுவது.

ஜமாஅத் முந்தாநாள் ஜும்மாவுக்குப் பிறகு கூடியது. நீ சொன்னபடியே எல்லாம் நடந்தது, கொஞ்சம் கூடுதலாகவும் நடந்தது. சாலிஹ் காக்கா பாயின் ஓரத்தில் உட்காரப் போனார். உன் மச்சான் கையைப் பிடித்து நடுவில் உட்கார வைத்தார். முதலில் பேசச் சொன்னதும் அந்த மனிதர் தோள் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். கடைசியில், ‘கோட்டுக்குப் போனது பிழைதான். பயத்தில போனன். பள்ளியில எனக்காக ஆரும் பேசமாட்டாங்க எண்டு நினைச்சன்’ என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒருவர் ஒருவராகப் பேசினார்கள். திரைக்குப் பின்னால் நாங்கள் பதினேழு பேர். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே மாமாவின் பெண்சாதி, நம் மாமி, பேசினார். ‘அந்தப் புள்ளட மையத்து போன அண்டைக்கு அவர் சோறு தின்னல்ல. ராவெல்லாம் முழிச்சிருந்தார். மறுகா வந்து விலக்க எடுக்கிறதுக்கு அவருக்கு வழி தெரியல்ல’ என்றார். இதை மாமி எட்டு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. மாமாவுக்கும் மனது இருந்தது, தம்பி. நீயும் அதைத் தெரிந்துகொள்.

றவூப் நீளமாகப் பேசினான். யாரும் மறிக்கவில்லை. மறிப்பார்கள் என்று எதிர்பார்த்து வந்தவன் போல, பாதியில் அவனுக்கே பேச்சு தளர்ந்துவிட்டது. ‘எல்லாரும் ஓம் எண்டா எனக்கு மட்டும் என்ன விரோதம்?’ என்று உட்கார்ந்துவிட்டான். அதற்கு மேல் தீர்க்க ஒன்றும் மிச்சமில்லை. லெப்பை எழுந்து சாலிஹ் காக்காவைக் கட்டிக்கொண்டார். நேற்று அவருடைய மீனை றவூபின் பெண்சாதியே வாங்கினாள். என் குற்றத்தை யாரும் ஞாபகப்படுத்தவே இல்லை, எனக்கும் அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பெயர் விஷயம். யோசனை கேட்கச் சொன்னவன் நீ. கேட்டோம், ஆனால் உன் யோசனையை ஏற்கவில்லை. நஸீறா பிள்ளைக்கு உம்மு குல்தூம் என்று வைத்துவிட்டாள். நான் எவ்வளவோ மறுத்துப் பார்த்தேன். உன் மலிக்காவை அடுத்த பிள்ளைக்கு வைத்துக்கொள், அது உன் பிள்ளையாக இருக்கட்டும். பெண் பார்க்க வேண்டிய வேலையும் எனக்குத்தான் இருக்கிறது.

நீ அனுப்பிய சின்ன உறையைப் பிரிக்கத் தேவை வரவில்லை. ஒட்டியது ஒட்டியபடி தலைப்பாவுக்கு மேலே, என் பெட்டகத்தில் இருக்கிறது. உன் தீர்ப்பு என்னவென்று அறிய எனக்கு ஆசைதான். ஆனாலும் தொடவில்லை. ஜனவரியில் நீ வந்து உன் கையால் பிரித்து எனக்கு வாசித்துக் காட்டு.

இந்த உறையைத்தான் நான் பிரிக்கவில்லை, தம்பி. அந்த வியாழக்கிழமை வந்த உறையைப் பிரித்தேன். கடைசி வரிவரை வாசித்து, ‘திரும்பி வருவேன் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்’ என்ற இடத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் வேலிக்கு வெளியே சாலிஹ் காக்காவின் குரல் கேட்டது.

நல்லபடியாக வந்து சேர்.

உன் ராத்தா,
உம்மு குல்தூம்